ப்ளூடூத் இருக்கிறது என்றால் போதாது

அட்டைப்பெட்டியின் மேல் 'ப்ளூடூத்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை நம்பித்தான் காசு கொடுக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பாட்டுப் பெட்டியையும் காதில் மாட்டும் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை நாள் பொத்தானை அழுத்திப் பார்க்கிறார்கள். இரண்டும் சேருவதில்லை. மறுநாள் இரண்டையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு என்னைப் போன்ற மெக்கானிக்கைத் தேடி வருகிறார்கள். திருகைக் கழற்ற வேண்டிய அவசியமே இருக்காது. மாடலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும், இந்த இரண்டும் எந்தக் காலத்திலும் ஒன்றோடொன்று சேரப் போவதில்லை என்று. விற்றவருக்கும் தெரிந்திருக்கும், தயாரித்தவருக்கு நிச்சயமாகத் தெரியும். வாங்கியவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டேப் ரெக்கார்டருக்கு ஹெட் சுத்தம் செய்வது, பெல்ட் மாற்றுவது என்று கற்றுக்கொண்ட தொழில். பிறகு வாக்மேன், சி.டி. பிளேயர், எம்.பி.3 பிளேயர் என்று பெஞ்சுக்கு வரும் பொருள்கள் மாறிக்கொண்டே வந்தன. இப்போது வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அவர்கள் கொண்டுவரும் பொருள்களில் பாதிக்கு மேல் பழுதே ஆகாதவை. பழுதாகாத பொருளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இரண்டு பஸ் மாறி ஒருவர் வருகிறார் என்றால், அது அவருடைய அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனுக்கு ராத்திரி ஷிப்டு. காலையில் வந்து படுத்தால் மத்தியானம் வரைக்கும் வீட்டில் சத்தம் கூடாது. அந்த நேரம்தான் இவருக்குச் சமையல் நேரம், பி. சுசீலாவைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கிப் பழகிய கை. உள்ளேயே பழைய பாட்டுகள் ஏற்றி வரும் பெட்டி ஒன்றைத் தம்பி வாங்கித் தந்திருக்கிறார். சத்தம் வெளியே வராமல் கேட்கட்டும் என்று மகள் ஒரு நெக்பேண்டு வாங்கித் தந்திருக்கிறார். நல்ல யோசனைதான். இரண்டையும் பெஞ்சில் எடுத்து வைத்தார்.

"தம்பி, ரெண்டுலயும் ப்ளூடூத்துனு போட்டிருக்கு. பொண்ணு போன்ல இது நல்லா பாடுது. பொட்டியோட மட்டும் சேர மாட்டேங்குது. பொட்டி பழுதா?"

"பொட்டியும் நல்லா இருக்கும்மா, நெக்பேண்டும் நல்லா இருக்கு. ரெண்டுமே பாட்ட வாங்கிக்கிற கருவி. அனுப்புறதுக்குத்தான் இங்க ஆள் இல்ல."

"பொட்டிக்குள்ளயே ஆயிரக்கணக்கா பாட்டு இருக்கே, அத அனுப்பாதா?"

அந்தக் கேள்வி நியாயமானது. பாட்டு யாரிடம் இருக்கிறதோ அவர்தானே அனுப்ப வேண்டும்? ஆனால் அந்தப் பெட்டியில் ப்ளூடூத் வைத்ததன் நோக்கம் வேறு. செல்போனில் இருக்கும் பாட்டை அந்தப் பெட்டியின் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பதற்காக வைத்தது அது. உள்ளே இருக்கும் பாட்டை வெளியே அனுப்ப அதில் வழி கிடையாது. நெக்பேண்டும் அப்படித்தான், போனிலிருந்து வாங்கும். குழாய் இல்லாத இடத்தில் இரண்டு குடங்களை எதிரெதிரே வைத்த கதை. அவருக்கு இப்படித்தான் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார். புரிந்த பிறகு அவர் கேட்டது என்னை உலுக்கியது: "இத அந்தப் பொட்டி மேலயே எழுதியிருக்கலாமே தம்பி?"

எழுதியிருக்கலாம்தான். எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

ப்ளூடூத்தின் கதை 1994இல் ஸ்வீடனில் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கியது. கருவிகளுக்கு இடையே ஓடும் கம்பிகளை ஒழிப்பதுதான் எண்ணம். 1998இல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை அமைத்தன. முதலில் வந்த காதுக் கருவிகள் தொலைபேசியில் பேசுவதற்கானவை. ஒற்றைக் காதில் மாட்டிக்கொள்வது, அதில் பாட்டு வராது, வந்தாலும் போன் குரல் போலத்தான் வரும். ஸ்டீரியோ இசையை அனுப்புவதற்கென்று ஏ2டிபி என்ற விதிமுறை 2003 வாக்கில் வந்தது. அந்த விதிமுறையில் கருவிகளுக்கு இரண்டு வேலைகள் பிரித்துத் தரப்பட்டிருக்கின்றன. ஒன்று அனுப்பும், மற்றது ஏற்கும். ஒரு பக்கம் அனுப்பும் கருவி இருந்தே ஆக வேண்டும். இரண்டு ஏற்கும் கருவிகளுக்கு இடையே எதுவும் நடக்காது. இவ்வளவுதான் விஷயம். எஞ்சினியரிங் படிக்காத யாருக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

தயாரிப்பாளருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. ப்ளூடூத் என்ற பெயரைத் தன் பொருளில் போட்டுக்கொள்ள, அந்தக் கூட்டமைப்பில் பதிவுசெய்ய வேண்டும். எந்தெந்த விதிமுறைகளை இந்தக் கருவி பின்பற்றுகிறது, அதில் எந்த வேலையைச் செய்கிறது என்று எழுதிக் கொடுத்துத்தான் சான்று வாங்குகிறார்கள். கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுத்த ஒரு வரியை, காசு கொடுக்கிறவருக்கு எழுதிக் காட்ட மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

"அனுப்பும் வசதியும் வைத்தால் விலை ஏறிவிடும்" என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி என்னிடம் வாதாடினார். அவரிடம் என் மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துக் காட்டினேன். தீப்பெட்டி அளவுதான். பக்கவாட்டில் தள்ளு சுவிட்சு. ஒரு பக்கம் தள்ளினால் அனுப்பும், மறுபக்கம் தள்ளினால் ஏற்கும். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்க் கருவியில் இருக்கும் வசதி, பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டியில் ஏன் இல்லை என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. முதியவர்களுக்கென்றே விளம்பரம் செய்து விற்கும் பெட்டியில், முதியவர் தனியாகக் கேட்கவும் விரும்புவார் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. காரணம் அதுதான்.

பெரம்பூர் அம்மாவுக்கு அந்தத் தீப்பெட்டிக் கருவிதான் மருந்து. ட்ரான்ஸ்மிட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். பாட்டுப் பெட்டியில் ஹெட்போன் செருகும் 3.5 மி.மீ. துளை இருக்கிறதல்லவா, அதில் இதைச் செருகினால் ஸ்பீக்கர் அடங்கிவிடும். பாட்டு ட்ரான்ஸ்மிட்டர் வழியாக நெக்பேண்டுக்குப் போகும். பழைய எம்.பி.3 பிளேயர், ப்ளூடூத் இல்லாத பழைய ஐபாடு, கேசட் வாக்மேன், எதுவானாலும் துளை இருந்தால் போதும். சொல்வதற்கு எளிது. வாங்கப் போகிறவர் சிக்கிக்கொள்ளும் இடங்கள் நிறைய.

முதல் சிக்கல், தவறான பொருள். 'கார் ப்ளூடூத்' என்று நடைபாதைக் கடைகளில் தொங்கும் குட்டிக் கருவிகள் அநேகமாக எல்லாமே ஏற்பவை. பழைய கார் ஸ்டீரியோவுக்குப் போனிலிருந்து பாட்டு வரவழைப்பதற்கானவை. பார்ப்பதற்கு ட்ரான்ஸ்மிட்டர் மாதிரியே இருக்கும், அதே ஜாக், அதே நீல விளக்கு. அதை வாங்கிப் பாட்டுப் பெட்டியில் செருகினால், ஏற்கும் கருவிகள் இரண்டுக்குப் பதில் மூன்றாகும். சரியான பொருளையே வாங்கினாலும் அந்தத் தள்ளு சுவிட்சு 'ஆர்.எக்ஸ்.' பக்கம் இருந்தால் வேலை செய்யாது. 'டி.எக்ஸ்.' பக்கம் தள்ள வேண்டும். இரண்டு ஆங்கில எழுத்து, அதுவும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே அச்சாகியிருக்கும். எனக்கே டார்ச் அடித்தால்தான் தெரிகிறது. அறுபத்தைந்து வயதுக் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்தது சேர்ப்பது. போன் என்றால் திரையில் பெயர்ப் பட்டியல் வரும், தொட்டால் சேர்ந்துவிடும். இங்கே இரண்டு பக்கமும் திரை இல்லை. பழைய காதுக் கருவிகளுக்கு 0000 அல்லது 1234 என்று கடவு எண் வேறு கேட்பார்கள். 2007இல் வந்த 2.1 பதிப்புக்குப் பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனாலும் இரண்டு கருவிகளையும் ஒரே நேரத்தில் தேடும் நிலையில் வைத்தாக வேண்டும். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகாட்டியதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

நெக்பேண்டை அணைத்துவிட வேண்டும். அது இதற்கு முன் சேர்ந்திருந்த போன்களில், மகளுடையதோ பேரனுடையதோ, ப்ளூடூத்தை அணைத்துவிட வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நெக்பேண்டு பழைய நட்பை மறக்காது. உயிர் வந்தவுடன் கடைசியாகச் சேர்ந்த போனைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த அறையில் பேரனுடைய போன் சார்ஜில் கிடந்தால் போதும். பாட்டி இங்கே ட்ரான்ஸ்மிட்டர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார், நெக்பேண்டு அங்கே போனோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். போன்களை அணைத்த பிறகு நெக்பேண்டின் பவர் பொத்தானை அழுத்த வேண்டும். 'பவர் ஆன்' என்று குரல் கேட்டதும் எல்லாரும் விரலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. விளக்கு நீலமும் சிவப்புமாக மாறி மாறி மின்னும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அது மின்னத் தொடங்கியதும் ட்ரான்ஸ்மிட்டரைப் பக்கத்திலேயே வைத்து அதன் பொத்தானையும் விளக்கு வேகமாக மின்னும் வரை அழுத்த வேண்டும். பிறகு இரண்டையும் தொடாமல் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாமல் இடையில் மறுபடி அழுத்தினால் எல்லாம் கலைந்துவிடும். சேர்ந்ததும் மின்னுவது நிற்கும், அல்லது நிதானமாகும். அப்போது பாட்டைப் போட வேண்டும். ஒரு தடவை சேர்ந்துவிட்டால் மறுநாளிலிருந்து இரண்டையும் ஆன் செய்தால் பெரும்பாலும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

என் கடையில் வைத்து இதைச் செய்தால் இன்னொரு சங்கடம் உண்டு. ட்ரான்ஸ்மிட்டருக்குத் திரை இல்லாததால் யாருடன் சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியாது. அந்த நேரத்தில் சேரத் தயாராக எது இருக்கிறதோ அதோடு போய்விடும். எதிர்க்கடையில் யாராவது புது ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தால் அம்மாவின் பாட்டு அங்கே ஒலிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் இது நடக்கும்.

சேர்ந்த பிறகும் 'கரகர' என்கிறது என்று திரும்பி வருகிறார்கள். அது பெரும்பாலும் ஒலி அளவு வைக்கும் முறையால் வருவது. பாட்டுப் பெட்டியில் முழுச் சத்தம் வைத்து நெக்பேண்டில் குறைத்தால், ட்ரான்ஸ்மிட்டருக்குள் நுழையும்போதே ஓசை உடைந்துபோகும். பெட்டியில் முக்கால் அளவு வைத்துவிட்டு, மீதியை நெக்பேண்டின் பொத்தானில் கூட்டிக் குறைத்துக்கொண்டால் சுத்தமாகக் கேட்கும். பாட்டு விட்டு விட்டு வந்தால் தூரத்தைப் பார்க்க வேண்டும். இந்த அலை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. நீருக்குள் எளிதில் புகாது. நம் உடம்பில் பெரும்பகுதி நீர். பிளேயரை இடது பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வலது காதில் கேட்டால் உடம்பே குறுக்கே நிற்கும். வீட்டில் இரும்பு பீரோ குறுக்கே இருந்தாலும் தடைதான். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. பெட்டியைக் கூடத்தில் பீரோவுக்குப் பின்னால் வைக்காமல் சமையலறை வாசற்படியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு ஸ்டூலில் வைக்கச் சொன்னேன். அதோடு விட்டு விட்டு வருவது நின்றது.

ஓசைத் தரம் பற்றி ஒரு வார்த்தை. எல்லாக் கருவிகளும் கட்டாயமாகப் புரிந்துகொள்ளும் எஸ்.பி.சி. என்ற சுருக்கும் முறை, நல்ல நிலையில் வினாடிக்குச் சுமார் 328 கிலோபிட் அனுப்பும். சி.டி.யில் அது 1,411. பழைய சினிமாப் பாட்டுக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. பஜனையில் ஜாலரா ஒலிக்கும் இடத்தில் காது பழகியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிக் கண்டுபிடித்துக் கேட்டவர்களுக்கு நான் கம்பி ஹெட்போனையே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

கம்பி என்றதும் பழைய காலத்துக்காக ஏங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1979இல் சோனி வாக்மேன் வந்த காலத்திலிருந்து 3.5 மி.மீ. ஜாக் உலகம் முழுக்க ஒரே மாதிரி இருந்தது. முனையில் இடது காது, நடு வளையத்தில் வலது காது, அடியில் எர்த். எந்தக் கம்பெனி ஹெட்போனும் எந்தக் கம்பெனி செட்டிலும் பாடும். செருகினால் பாட்டு, எடுத்தால் நிறுத்தம்; படிக்கத் தெரியாதவருக்கும் அதில் குழப்பம் கிடையாது. 2016இல் ஐபோன் 7 அந்தத் துளை இல்லாமல் வந்தது, பிறகு மற்ற பெரிய கம்பெனிகளும் ஒவ்வொன்றாக மூடின. கம்பியில்லாமல் கேட்பதில் நிஜமான நன்மை இருக்கிறது. அடுப்பு எரியும்போது கழுத்திலிருந்து கம்பி தொங்குவது ஆபத்து. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு, கைத்தடி பிடித்து நடப்பவருக்குக் கம்பி காலில் மாட்டும். எனவே கம்பியில்லாக் கருவி வரட்டும், நல்லது. ஆனால் புதியது சரியாக வேலை செய்யாத இடத்தில் பழையது கைகொடுக்க வேண்டும். காதுக்கு மேல் மாட்டும் பெரிய ஹெட்போன்கள் சிலவற்றில் ப்ளூடூத்தும் இருக்கிறது, கம்பி செருகும் துளையும் இருக்கிறது. சார்ஜ் தீர்ந்தாலும் கம்பி வழியாகப் பாடும். வயதானவர்களுக்கு வாங்குவதென்றால் நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்வையற்ற இளைஞர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார். ஒலி நூல் கேட்கும் டெய்சி பிளேயர் வைத்திருக்கிறார். பார்வையற்றோருக்கான ஒலி நூல்களுக்கென்று தொண்ணூறுகளில் உருவான தரமுறை டெய்சி. பக்கம் பக்கமாக, அத்தியாயம் அத்தியாயமாகத் தாண்டலாம். அந்தப் பிளேயரை வடிவமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஒவ்வொரு பொத்தானும் விரலுக்கு வேறு வேறு வடிவம், அழுத்தினால் என்ன பொத்தான் என்று குரலில் சொல்லும். விடுதி அறையில் உடன் தங்கியிருப்பவர்கள் தூங்கும்போது படிக்க ஒரு நெக்பேண்டு வாங்கினார். பிளேயரில் ட்ரான்ஸ்மிட்டர் செருகி நான் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். அறைத் தோழர் தம் போனில் அந்த நெக்பேண்டைப் போட்டுக் கேட்டிருக்கிறார், சேர்க்கை போய்விட்டது. மறுபடி சேர்க்கவேண்டும் என்றால் நீலமும் சிவப்பும் மின்னுவதைப் பார்க்க வேண்டும்.

"வெளக்கு எரிஞ்சா எனக்கு எப்படி சார் தெரியும்? பேரிங்குக்கு ஒரு தனி பீப் சத்தம் வெச்சா போதும், நானே பண்ணிக்குவேன்" என்றார்.

பல கருவிகளில் குரல் இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. அவருடையதில் 'பவர் ஆன்', 'கனெக்டட்' என்ற இரண்டுக்கும் குரல் உண்டு, நடுவில் தேடும் நிலைக்குப் போனதற்கு மட்டும் எந்தச் சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் அழுத்தினால் அந்த நிலைக்குப் போகும் என்பதை நானும் அவரும் சேர்ந்து மனதுக்குள் எண்ணி எண்ணிக் கண்டுபிடித்தோம். இப்போது அவரே சேர்த்துக்கொள்கிறார். நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளை, ஒரு பீப் சத்தம் இல்லாத காரணத்தால் கடைக்கு இரண்டு முறை அலைய நேர்ந்ததை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் குரல் தமிழிலும் பேசினால் இன்னும் நல்லது. 'கனெக்டட்' என்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள் என்பதற்காகத் தமிழ் வேண்டாம் என்று ஆகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு, புகார் செய்யத் தொடர்பு எல்லாம் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். மற்ற மொழிகளை விருப்பப்பட்டால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். ப்ளூடூத் உள்ள கருவி இந்தியாவில் விற்பனைக்கு வரும் முன் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதலும் பெற வேண்டும். ஆக, எத்தனையோ கைகள் தாண்டித்தான் அந்தப் பெட்டி கடைக்கு வருகிறது. எந்தக் கையும் கேட்காத ஒரே கேள்வி, "இது பாட்டை அனுப்புமா, வாங்குமா?" 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை முதலியவற்றைத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்கிறது. ஒரு கருவி என்ன வேலை செய்யும் என்பதைவிட முக்கியமான தகவல் எது?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ப்ளூடூத் என்று எழுதும் இடத்தில், பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் 'அனுப்பும்', 'ஏற்கும்', 'இரண்டும்' என்ற மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் தமிழிலும் இருக்க வேண்டும். விதியைத் திருத்துவது ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. இங்கே அந்த விதிகளை நடைமுறைப்படுத்துவது மாநிலத்தின் தொழிலாளர் துறை. மாநில அரசு ஒரு கடிதம் எழுதித் தொடங்கி வைக்கலாம். கம்பெனிகள் அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை, அடுத்த முறை அட்டை அச்சடிக்கும்போதே சேர்த்துவிடலாம்.

புதிய தொழில்நுட்பம் வந்து தானாகச் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எல்.இ. ஆடியோ என்ற புதிய முறை வந்துவிட்டது, ஓசை சுருக்கும் விதமும் மேம்பட்டிருக்கிறது. ஒரே கருவி பலருக்கு ஒலிபரப்பும் ஆராகாஸ்ட் என்ற வசதியை 2022இல் அறிவித்தார்கள். காது மந்தமானவர்களுக்கு அது பெரிய வரமாக அமையலாம். அதிலும் அனுப்புவது ஒன்று, ஏற்பது ஒன்று என்ற பிரிவு அப்படியேதான் இருக்கிறது. பழைய நெக்பேண்டு புதிய ஒலிபரப்பை வாங்காது. எனவே பெட்டியில் எழுத வேண்டிய வரிகள் கூடுமே தவிரக் குறையாது.

அதுவரை என்ன செய்வது? பட்டன் போன் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதை எடுங்கள். இதை என் கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன். மெமரி கார்டு போடும் வசதியும் ப்ளூடூத்தும் உள்ள பட்டன் போன்கள் பெரும்பாலும் பாட்டை அனுப்பக் கூடியவை. சிம் கார்டு இல்லாமலும் பாடும். திரை இருக்கிறது, எதோடு சேருகிறது என்று பெயர் தெரியும், பொத்தான் விரலுக்குத் தட்டுப்படும், ஒரு முறை சார்ஜ் போட்டால் நாள் கணக்கில் நிற்கும். பிடித்த பாட்டுகளைக் கார்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டால் முதியவருக்கு இதைவிட நல்ல பாட்டுக் கருவி கிடையாது. விலை உயர்ந்த பெட்டியை வாங்கிச் சேரவில்லை என்று வருந்தி வந்த சிலர், வீட்டு அலமாரியில் கிடந்த பட்டன் போனிலேயே இப்போது கேட்கிறார்கள்.

வெளியூரில் இருந்துகொண்டு அம்மா அப்பாவுக்கு ஆன்லைனில் இந்தக் கருவிகளை அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாங்குவதற்கு முன், இது ஹெட்செட்டுக்குப் பாட்டை அனுப்புமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் நீங்களே இரண்டையும் சேர்த்து, பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஊருக்கு அனுப்புங்கள். கடையில் நேரில் வாங்குகிறவர்கள் பில் போடுவதற்கு முன் "சேர்த்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். காட்ட முடியாது என்று சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள். சேரும் என்று சொல்லி விற்ற பொருள் சேரவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம்.